வெயிலும் லினோவும் ஒரு புள்ளிமானும்

2022ஆம் ஆண்டு பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பொழுது பட்டபின் எங்கள் வீட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கும் அப்பாவின் இருமலும்தான். அந்த நாட்களில்தான் அலுமாரியின் மேல் தட்டில் மூன்று வருடமாகக் கிடந்த பொதியைப் பிரித்தேன். 2019இல் ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் தந்துவிட்டுப் போன லினோ அச்சுச் சாமான்கள், அதாவது தகட்டில் படம் செதுக்கி, மை உருட்டி, தாளில் அச்செடுப்பதற்கானவை. உள்ளே ஏ4 தாளில் பாதியளவான இரண்டு சாம்பல் நிறத் தகடுகள், ஒரு மரப்பிடி, அதில் மாற்றி மாற்றிப் பொருத்த ஐந்து உளி முனைகள், கையகல ரப்பர் உருளை ஒன்று, குறிப்புத்தாள் ஒன்று. நான் பாடசாலையில் படிப்பிப்பது கணிதம். சித்திரத்தை முறையாகப் படித்தவள் அல்ல. ஆனால் மின்சாரம் இல்லாமல் இருந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று அப்போது எனக்குத் தேவைப்பட்டது.

அப்பா தகட்டைக் கையில் வாங்கி முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திருப்பி, பின்பக்கத்துச் சணல் துணியை விரலால் தடவினார். "லினோலியம்தான் பிள்ளை. எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை" என்றார். அவர் 16 வயதில் திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கப் போனவர். ஈய எழுத்தும் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு இயந்திரமும் மறையும்வரை அதே தொழில்தான். பெரிய தலைப்பெழுத்து கைவசம் இல்லாத நாட்களில் லினோவில் வெட்டி மரக்கட்டையில் ஒட்டி அடித்ததாகச் சொன்னார். எனக்கு அது அதுவரை தெரியாது. ஒரே வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறோம்.

லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் இறுகவைத்து, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் கலந்து சணல் துணியில் பரப்பி உருட்டிய பொருள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் வால்டன் 1863இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். தரைக்கு விரிக்கத்தான் செய்தார்கள். போர்க்கப்பல் தளங்களில் விரிப்பதற்கென்று தடித்த வகை ஒன்றும் வந்தது. இன்றைக்கும் சாம்பல் நிறத் தடித்த லினோவுக்குப் 'போர்க்கப்பல் லினோலியம்' என்றுதான் வெளிநாடுகளில் பெயர். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்த ஊர் எங்கள் திருகோணமலை. உள்துறைமுகத்தின் பக்கம் போகும்போதெல்லாம் இங்கே நின்ற கப்பல்களின் தளங்களில் எத்தனை சதுர அடி லினோ கிடந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். தரை விரிப்பை ஓவியர்கள் கையில் எடுத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மரத்தைப் போல இதில் நார் ஓட்டம் இல்லை. எந்தத் திசையிலும் உளி ஒரே மாதிரி ஓடும்.

அது நல்ல லினோவுக்குச் சொன்னது. என் தகடு மூன்று வருடம் கிடந்து இறுகியிருந்தது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும் வேலை தொழிற்சாலையோடு முடிவதில்லை. அலுமாரியிலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும். முதல் நாள் காலை ஆறு மணிக்கு உளியை வைத்துத் தள்ளினேன். நகரவில்லை. அழுத்தித் தள்ளியபோது திடீரென்று விடுபட்டு ஓடியது. இடது சுட்டுவிரலில் மூன்று தையல்.

இந்த இடத்தில் நின்று சொல்கிறேன். லினோ பழகுகிறவர் எல்லாருக்கும் 'மறுகையை உளிக்கு முன்னால் வைக்காதே' என்று சொல்லப்படும். எனக்கும் குறிப்புத்தாள் சொல்லியிருந்தது. ஆனால் தகடு மேசையில் வழுக்கும்போது, கை தானாகவே முன்னால் போய்த் தடுத்துப் பிடிக்கும். அறிவுரை காப்பாற்றாது, பலகைதான் காப்பாற்றும். ஓரடி நீளப் பலகை ஒன்றின் மேல் விளிம்பில் ஒரு சட்டமும், கீழ் விளிம்பில் மறுபுறமாக ஒரு சட்டமும் அறைந்தால் போதும். கீழ்ச் சட்டம் மேசை விளிம்பில் கொளுவிக்கொள்ளும். மேல் சட்டத்தில் தகடு முட்டி நிற்கும். இடது கைக்கு முன்னால் போக வேலையே இராது. அப்பா அதை ஒரு மணித்தியாலத்தில் செய்து தந்தார். அன்றில் இருந்து காயம் இல்லை.

தையல் வெட்டியபிறகு மறுபடி தொடங்கினேன். குறிப்புத்தாளில், தகடு இறுகி இருந்தால் இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கு, அல்லது வெந்நீர்ப் பையின் மேல் வை என்று இருந்தது. குளிர் தேசத்தில் எழுதியது. எங்களிடம் மின்சாரமும் இல்லை, வெந்நீர்ப் பையும் இல்லை, வெயில் இருந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்குச் சீமெந்துப் படியில் தகட்டை இருபது நிமிடம் வைத்தேன். எடுத்தபோது தோல் போல வளைந்தது. உளி வெண்ணெயில் போவது போலப் போனது, எனக்குப் பெரிய சந்தோஷம். அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோட்டின் இரு கரையும் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தன. அதிகம் இளகிய லினோவை உளி வெட்டுவதில்லை, இழுத்துக் கிழிக்கிறது.

அங்கேதான் கணித ஆசிரியையின் புத்தி வேலை செய்தது. தகட்டின் ஓரத்தில் ஒரு விரலகலத் துண்டை வெட்டி எடுத்து அதைச் சோதனைத் துண்டாக வைத்துக்கொண்டேன். காலை பத்து மணி வெயிலில் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஒரே உளியால் ஒரே நீளத்தில் நான்கு கோடு. பத்து மணி வெயிலில் ஐந்து நிமிடம்தான் என் தகட்டுக்குச் சரி. உள்ளே கொண்டுவந்தபின் அந்த இளக்கம் கால் மணித்தியாலம் நிற்கும். பிறகு மறுபடி படிக்கு. உங்கள் தகட்டுக்கு வேறு கணக்காக இருக்கலாம். அதை ஒரு துண்டிலே கண்டுபிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். வெயில் நேரத்தை மாற்றிய நாளில் உளியை மாற்றவில்லை, மையை மாற்றிய நாளில் கடதாசியை மாற்றவில்லை. ஒவ்வொரு அச்சின் பின்பக்கத்திலும் நாள், நேரம், காற்று, மை, கடதாசி என்று பென்சிலால் எழுதிவைத்தேன். இப்போது அப்படி 140க்கு மேல் தாள்கள் இருக்கின்றன.

மண்ணெண்ணெய் விளக்கிடம் ஒன்று கற்றேன். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் வெட்டிய இடமும் வெட்டாத இடமும் ஒரே சாம்பலாகத் தெரியும். விளக்கை இடப்பக்கம் மேசை மட்டத்தில் வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும், எவ்வளவு ஆழம் என்பதும் தெரியும். மின்சாரம் திரும்பிய பிறகும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் செதுக்குகிறேன். தகட்டின் மேல் மெல்லிய கறுப்பு மையை முன்கூட்டியே பூசிக் காயவிட்டால், வெட்டிய இடம் வெளிறித் தெரிந்து இன்னும் உதவியாக இருக்கும்.

இனி மான்.

பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோவிலுக்கு ஏறிப்போகிற எவரும் மரநிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பார்கள். நகர வீதிகளிலும் அவை சாவகாசமாகத் திரியும், குப்பையில் மேயும், பொலித்தீனையும் தின்றுவிடும். அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். முதல் படமாக மானைத்தான் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஒன்றில் கோட்டைக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தேன். உடலுக்கு ஒரு வெளிக்கோடு, புள்ளிகளுக்குச் சின்னச் சின்ன வட்டங்கள், கண், காது, கொம்பு. கொப்பியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதை அப்படியே தகட்டுக்கு மாற்றினேன். லினோவில் வெட்டாமல் விட்டது கறுப்பாகும், வெட்டி எடுத்தது வெள்ளையாகும். என் படத்தில் கறுப்பாக வரவேண்டியவை கோடுகள் மட்டுமே. அப்படியென்றால் கோடுகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டி எடுக்கவேண்டும். ஒன்பது நாள் வெட்டினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் சுற்றிச் சுற்றி வெட்டியதில் பாதி வட்டங்கள் உடைந்து விழுந்தன. வெளிக்கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் அறுந்து நின்றது. அச்சிட்டபோது வந்தது பேனாவால் கீறிய மானின் மோசமான பிரதி. பேனாவாலேயே கீறியிருக்கலாம்.

அப்பா அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "மானின் மேல் வெள்ளையாக இருப்பது எது?" என்று கேட்டார்.

"புள்ளி."

"அப்படியானால் புள்ளியை மட்டும் வெட்டு. உடம்பை ஏன் வெட்டினாய்?"

இரண்டாவது தகட்டில் வெளிக்கோடு வரையவே இல்லை. தகடு முழுவதும் இருள் என்று வைத்துக்கொண்டேன். மரநிழலில் கிடக்கும் மான், அதன்மேல் வெளிச்சம் எங்கே படுகிறதோ அங்கே மட்டும் உளி. யூ வடிவ உளியைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு சுழற்று சுழற்றினால் ஒரு வட்டத் துண்டு கழன்று வரும். அது ஒரு புள்ளி. முதுகில் முப்பது புள்ளி, தொடையில் இருபது. முதுகின் மேல் விளிம்புக்கு ஒரே ஒரு நீளக் கோடு. காதின் உட்பக்கத்துக்கு நான்கு மெல்லிய கீறல். கண்ணில் ஊசி முனையளவு ஒரு பொட்டு. நாற்பது நிமிடம். அச்சிட்டுத் தாளைத் தூக்கியபோது அது என்னைப் பார்த்தது. உடலின் எல்லை எங்கும் வெட்டப்படவில்லை. ஆனால் புள்ளிகள் போகிற போக்கே தோளையும் வயிற்றையும் காட்டின. அந்தத் தாளை அப்பா சுவரில் ஒட்டச் சொன்னார், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இந்திய ஓவியர் நந்தலால் போஸ் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது 1930இல் செய்த, தடியூன்றி நடக்கும் காந்தியின் லினோ அச்சு பலருக்கும் தெரிந்த படம். பிறகு அதைப் பார்த்தபோது மானுக்காக நான் பட்ட பாடு விளங்கியது. கறுப்பு அப்படியே கிடக்கிறது. கொஞ்சமே கொஞ்சம் வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான் மனிதர். தொடங்குகிறவர் அந்தப் படத்தை முன்னால் வைத்து, எத்தனை இடங்களில் உளி படவே இல்லை என்று எண்ணிப் பார்க்கலாம்.

வெட்டும்போது கவனிக்கவேண்டிய சில சிறிய விடயங்களும் உண்டு. வளைவு வரும்போது உளியைத் திருப்பாதீர்கள், தகட்டைத் திருப்புங்கள். கோட்டின் கரை மலைச்சரிவு போல அடியில் அகன்று இருக்கவேண்டும். உளியைச் சாய்த்து அடியைக் குடைந்துவிட்டால், அழுத்தும்போது அந்தக் கரை ஒடிந்து விழும். மை பூசுமுன் ஒரு மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஏறக்குறைய என்ன வரும் என்று தெரிந்துவிடும். உளி மழுங்கினால் கைக்கு முதலில் தெரியும், அதற்கு மேல் தள்ளக்கூடாது. பழைய தோல் இடுப்புப்பட்டி ஒன்றைப் பலகையில் ஒட்டி, பித்தளை துலக்கும் பிராசோ கொஞ்சம் தடவி, உளியைப் பின்னோக்கி இழுத்து இழுத்துத் தீட்டுகிறேன். அரை மணித்தியால வேலைக்கு ஒரு தீட்டல்.

மைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. முதலில் பாடசாலைப் போஸ்டர் வர்ணத்தை உருட்டினேன். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் வீசுகிற கச்சான் காற்று ஈரம் எதையும் விட்டுவைக்காது. உருளையில் இருந்து தகட்டுக்குப் போவதற்குள் வர்ணம் காய்ந்தது. தாளை வைத்தபோது அங்கங்கே ஒட்டி, தூக்கும்போது கிழிந்தது. அக்ரிலிக் வர்ணம் அதைவிட மோசம், காய்ந்தபின் வெட்டுக்களில் இறுகிப்போய்விடும். எங்கள் காலநிலையில் நீர் கலந்த மையில் தொடங்கும் ஒருவர் இரண்டாம் நாளே மனம் வெறுத்து விட்டுவிடக்கூடும். எண்ணெய் மையில் தொடங்குங்கள்.

அப்பாவிடம் தொழில் பழகிய ஒருவர் இப்போது ஒப்செற் அச்சகம் வைத்திருக்கிறார். பழைய யோகட் கோப்பையில் இரண்டு கரண்டி கறுப்பு மை தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு கடலையளவு மை ஒரு தகட்டுக்கு ஏறக்குறையப் போதும், ஆகவே அந்த இரண்டு கரண்டி ஐந்து மாதம் வந்தது. கண்ணாடித் துண்டு ஒன்றில் மையை வைத்து உருளையால் நீளவாக்கிலும் குறுக்கிலும் உருட்டிப் பரப்பவேண்டும். எவ்வளவு பரப்புவது என்பதை எழுத்தில் சொல்வது கடினம். அப்பா கேட்டுச் சொல்கிறார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, அடுத்த அறையில் கதிரையில் சாய்ந்தபடியே "மை கூட" என்பார். மை அதிகமாக இருந்தால் உருளை சேற்றில் செருப்பு ஒட்டி எழும்புவதுபோலச் சப்புச் சப்பென்று ஓசை எழுப்பும். சரியாக இருக்கும்போது புதுப் பட்டுச் சேலை உரசுகிற ஓசை, இடையறாமல். கண்ணால் பார்த்தாலும் அடையாளம் உண்டு. அதிகமான மை தோடம்பழத் தோல் போலக் குழி குழியாகத் தெரியும், சரியான மை வெல்வெட் போல மங்கலாக இருக்கும்.

மத்தியானத்தில் அச்சிடாதீர்கள். 33, 34 பாகை வெப்பத்தில் மை இளகி ஓடி, ஊசிக் கோடுகளை எல்லாம் அடைத்துவிடும். மானின் காதுக் கீறல்கள் மத்தியானத் தாள்களில் ஒன்றிலும் இல்லை, காலைத் தாள்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. பின்பக்கக் குறிப்பு இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்கமாட்டேன், கடதாசியையோ உளியையோ குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். கட்டாயம் பகலில்தான் அச்சிடவேண்டும் என்றால், மையைப் பழைய பத்திரிகைத் தாளில் தடவி அரை மணித்தியாலம் வைத்தால் மிகையான எண்ணெயைத் தாள் குடித்துவிடும், மை கொஞ்சம் இறுகும். இது அப்பாவின் யுக்தி.

அச்சு இயந்திரம் இல்லை. தாளைத் தகட்டின் மேல் வைத்துப் பின்பக்கம் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். ஜப்பானியர் மூங்கில் ஓலை சுற்றிய வட்டத் தட்டால் தேய்ப்பார்களாம். நான் ஒரு சிரட்டையின் புறத்தை அரத்தாளால் வழவழப்பாக்கி, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைத்திருக்கிறேன். பரந்த கறுப்புக்குச் சிரட்டை, நுட்பமான இடத்துக்கும் விளிம்புக்கும் தேக்கரண்டியின் முதுகு. நடுவில் இருந்து வெளியே தேய்க்கவேண்டும். தாள் கிழியாமல் இருக்க மேலே ஓர் எண்ணெய்க் கடதாசி. அவசரப்பட்டால் கறுப்பு வெளிறி, உப்புப் பூத்தது போல இருக்கும். எனக்கு ஒரு தாளுக்கு ஏழு நிமிடம் பிடிக்கிறது. ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு மூலையைத் தூக்கிப் பார்க்கலாம். குறைந்த இடத்தில் திரும்பவும் படுக்கவைத்துத் தேய்க்கலாம்.

கடதாசிக்கு 2022இல் பெரிய தட்டுப்பாடு. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். பழைய கலண்டர்த் தாள், வினாத்தாளின் பின்பக்கம், சேட்டுப் பெட்டிக்குள் இருந்த அட்டை என்று கிடைத்ததில் எல்லாம் அச்சிட்டேன். கையால் தேய்ப்பதற்குப் பிறிஸ்டல் போட் சரிவராது. தடிப்பும் விறைப்பும் சேர்ந்து, தேய்க்கும் விசை மறுபக்கம் போகாது. எல்லாவற்றிலும் நல்லதாக அமைந்தது, பிள்ளைகள் பட்டம் கட்ட வாங்குகிற வெள்ளை ரிசு கடதாசி. மெல்லியது, ஒவ்வொரு வெட்டிலும் படிந்து இறங்கும், பின்பக்கத்தில் இருந்தே மை ஏறுவது தெரியும். அச்சு காய்ந்தபின் கஞ்சிப் பசையால் தடித்த தாளில் ஒட்டிக்கொள்ளலாம். தடித்த தாளிலேயே நேராக அச்சிட வேண்டுமானால் முதல் நாள் இரவு லேசாக நீர் தெளித்து பொலித்தீனுக்குள் அடுக்கி வையுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எட்டுத் தாள் அப்படிப் போயிற்று.

எவ்வளவு தேய்த்தாலும் தகட்டின் ஒரு மூலை மட்டும் வெளிறியே வந்தது. மையைக் கூட்டினேன், மற்ற இடம் அடைபட்டது. அப்பா விரல் நுனியால் தகட்டைத் தடவி "இங்கே பள்ளம்" என்றார். பத்திரிகைத் தாளைக் கையால் கிழித்து, அந்த மூலையின் கீழே, தகட்டின் அடியில், கஞ்சியால் ஒட்டினார். அதன்மேல் இன்னொரு சிறிய துண்டு. அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக் கட்டிய ஒவ்வொரு அச்சுப் பாரத்துக்கும் இப்படித் தாங்கு கொடுப்பார்களாம். கத்தரியால் வெட்டிய துண்டு கூடாது, அதன் விளிம்பு அச்சில் கோடாகத் தெரியும். கிழித்த விளிம்பு மெலிந்து மெலிந்து போவதால் தெரியாது. இதை நான் எந்தக் குறிப்புத்தாளிலும் பார்க்கவில்லை.

அடுத்த படம் சுவாமிமலை. டச் பே கடற்கரையில் நின்று பார்த்தால் இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கமாகக் கடலுக்குள் நீளும் பாறை, உச்சியில் கோணேசர் கோவில். வரைந்தபடியே வெட்டினேன். அச்சு இடம்வலம் மாறி வரும் என்று தெரியும், ஆனால் மலைக்கும் கடலுக்கும் அதனால் என்ன என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கடற்தொழிலாளி ஒருவர் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது பெக் பேயில் இருந்து பார்த்ததா?" என்று கேட்டார். பாறை இடப்பக்கம் நீண்டிருந்தது. கோட்டைக்கு வடக்கே வள்ளத்தில் வருகிறவனுக்கு அது அப்படித்தான் தெரியும். ஆனால் பாறைப் பிளவுகளையும் அலை அடிக்கிற விதத்தையும் நான் தெற்கே இருந்து பார்த்து வெட்டியிருந்தேன். "இராவணன் வெட்டு இந்தப் பக்கமில்லையே" என்றார் அவர். பாறையில் உள்ள பெரிய பிளவுக்கு அப்படித்தான் பெயர். முப்பது வருடம் அந்தப் பாறையைப் பார்த்து வீட்டுக்கு வழி கண்டவர். ஓர் இடத்தைச் செய்வதென்றால் அந்த இடத்துக்காரர் அதைத் திரும்பிய நிலையில் அடையாளம் காணமாட்டார். அந்தத் தகட்டை அப்படியே விட்டுவிட்டு மறுபடி வெட்டினேன். மெல்லிய தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்து, கீழே காபன் வைத்து, பின்பக்கத்தால் கோடுகளை அழுத்தினால் தகட்டில் படம் தானாகவே திரும்பி விழும்.

எழுத்து இதைவிடச் சிக்கல். கீழே 'கோணேசர்' என்று வெட்ட முயன்றேன். ஒவ்வோர் எழுத்தையும் திருப்பினேன், வரிசையைத் திருப்ப மறந்தேன். அடுத்த முறை வரிசை சரி, ஆனால் இரட்டைக்கொம்பை எழுத்துக்குத் தவறான பக்கத்தில் வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெட்டினால் கண் வலிக்கும். அப்பா தகட்டை வாங்கித் தலைகீழாக வைத்தார். "கண்ணாடி எழுத்தை வலமிருந்து இடம் படிக்காதே. தலைகீழாக்கு. இடமிருந்து வலம் வரும். நாங்கள் கோர்க்கும்போது அப்படித்தான் படித்தோம்" என்றார். உண்மைதான், ஈய எழுத்தை கோர்ப்பவர் கோர்ப்புக் கட்டையில் தலைகீழாக நிறுத்தி, இடமிருந்து வலமாகவே போவார். எழுத்து குப்புற நிற்கும், ஆனால் கண் போகிற திசை பழகிய திசை. கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் வரும், கால் பின்னால்தான் வரும். ஒரு வாரம் பழகினேன், இப்போது என்னால் படிக்க முடிகிறது. அவர் விரலை வைத்து, மங்கிய கண்ணோடு, நான் வெட்டிய எழுத்தை என்னைவிட வேகமாகப் படிக்கிறார்.

மச்சாள் தந்த இரண்டு தகடும் மானோடு முடிந்தபோதே உள்ளூரில் என்ன கிடைக்கும் என்று தேடினேன். கடைகளில் 'லினோலியம்' என்று சுருள் சுருளாக விற்கப்படுவது இப்போதெல்லாம் பெரும்பாலும் வைனில். பெயர் மட்டும் பழையது நின்றுவிட்டது. ஒரு மீற்றர் வாங்கினேன். மேல் தோலில் உளி வழுக்கியது, கீழே நுரை போன்ற படை தேய்க்கும்போது அமுங்கியது. வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள், சணல் துணி இருக்கவேண்டும். முகர்ந்தால் ஆளிவிதை எண்ணெய் மணக்கவேண்டும். பழைய ரப்பர்ச் செருப்பின் அடி மிக எளிதாக வெட்டுப்படும். நுண்ணிய கோடு அதில் நிற்காது, ஆனால் மீன், இலை, நட்சத்திரம் போன்ற பெரிய உருவங்களுக்கு நன்றாக இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமச்சீரும் தெறிப்பும் படிப்பிக்க இப்போது செருப்பு அச்சுத்தான் பயன்படுத்துகிறேன். கண்ணாடி விம்பம் என்று கரும்பலகையில் ஐந்து வருடம் விளக்கியதை ஒரே அச்சில் கண்டுகொள்கிறார்கள். உண்மையான லினோவை இப்போது கொழும்பில் இருந்து தருவிக்கிறேன்.

இரண்டு நிறம் செய்ய ஒரே தகடு போதும் என்று அறிந்தது கடந்த வருடம். முதல் நிறத்தை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டு, அதே தகட்டை மேலும் வெட்டி, அடுத்த நிறத்தை அதன்மேல் அடிப்பது. தெற்குப் பிரான்சில் வலோரிஸ் என்ற ஊரில் பிக்காசோ, அச்சுக்காரர் ஹிடல்கோ ஆர்னேராவோடு சேர்ந்து இந்த முறையில் ஏராளமாகச் செய்தார். திரும்பிப் போக வழியில்லாத வேலை, வெட்டியபின் முதல் நிறத்தை இன்னொரு தாளில் அடிக்க முடியாது. ஆகவே கடைசியில் எத்தனை நல்ல தாள் வேண்டுமோ அதன் இரண்டு மடங்கைத் தொடக்கத்திலேயே அடிக்கவேண்டும். நான் நீலக் கடல் எட்டுத் தாள் அடித்தேன், மூன்று தேறின. இரண்டில் நீலம் காயுமுன் கறுப்பை அடித்ததால் மேல் மை பிடிக்கவில்லை. மூன்றில் பாறை ஒரு மில்லிமீற்றர் விலகிப் போயிற்று, தாளின் மூலைகள் சரியான செங்கோணமாக இல்லாததுதான் காரணம். தடித்த அட்டையில் தகடு அடங்க ஓர் இடம் வெட்டி, தாளின் மூலை முட்ட ஒரு ட வடிவப் பட்டியும் ஒட்டி, எல்லாத் தாளையும் எப்போதும் ஒரே மூலையால் முட்டவைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

மை துடைக்கும் துணி பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் சொல்லவேண்டும். தகட்டையும் உருளையையும் முதலில் தேங்காயெண்ணெயால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுகிறேன், மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்கிறது. ஆளிவிதை எண்ணெய் உள்ள மை பட்ட துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால், அது காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் உள்ளே தங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். எங்கள் வெயிலில் இது இன்னும் கவனம் எடுக்கவேண்டிய காரியம். தண்ணீர் நிறைந்த தகரப் பேணியில் போட்டுவிடுங்கள், அல்லது வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். அப்பா இன்றைக்கும் படுக்கப் போகுமுன் கேட்கிற ஒரே கேள்வி, "துணி எங்கே?"

இப்போது ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டது. ஆவணியில் மூன்று நாளில் காய்ந்த மை இந்த ஈரத்தில் பத்து நாளானாலும் விரலில் ஒட்டுகிறது. அதனால் மாரி முடியும்வரை அச்சிடுவதில்லை, செதுக்குவது மட்டும்தான். மேசையில் மூன்றாவது சுவாமிமலை கிடக்கிறது, இம்முறை பெக் பேயில் இருந்தே பார்த்து, வள்ளக்காரரைப் பக்கத்தில் இருத்தி வரைந்தது. பாறைக்கும் வானத்துக்கும் இடையில் கோடு போடவில்லை. அலை உடையும் இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வெட்டு. மழைக்குள் வெயில் எட்டிப் பார்க்கிற நேரமாகப் பார்த்து, தகட்டைப் படிக்குக் கொண்டுபோகிறேன்.